தொழில் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது?

(சிதம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை வழக்கமா கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இந்த முறை 'நம் மாவட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டார்கள். நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து இந்தத் தலைப்பே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

'வேலைக்குப் போகும் பெண்' என்றதும் உங்கள் கண்ணுக்கு முன்னால் யார் வருகிறாள்? தோளில் கைப்பை, உள்ளே டிபன் பாக்ஸ், எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஒருத்தி. டீச்சர், நர்ஸ், கிளார்க். இப்போது ஐ.டி. கம்பெனி. வாரப் பத்திரிகைகள் பல வருஷமாக இந்தப் படத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. 'வேலைக்குப் போகும் பெண்ணால் குடும்பத்தைக் கவனிக்க முடியுமா' என்று பட்டிமன்றம் வைத்துச் சிரிப்பதும் இவளை வைத்துத்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்கில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து இருபது பேரோடு மினி லாரியில் நின்றபடியே நடவுக்குப் போகிறவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவள் 'கூலிக்குப் போறவ'. அவள் ஆயாவும் போனாள், ஆயாவோட ஆயாவும் போனாள். சேரியில் வேலைக்குப் போகாத பெண் என்று ஒருத்தி எந்தக் காலத்தில் இருந்தாள், சொல்லுங்கள். 'பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டும்' என்ற முழக்கம் எந்தத் தெருவின் அடுப்படியைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் கேட்டாக வேண்டும். நம் பெண்களுக்கு வெளியே வருவது பிரச்சினையாக இருந்ததே இல்லை. வெளியே வந்து செய்ததற்கு என்ன பெயர் வைத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

நான் வங்கியில் கிளார்க். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலையில் சேராது, ஆனாலும் நான்தான் நிரப்புகிறேன். பெயர், அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர், முகவரி. அதற்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கட்டம். "யக்கா, என்னா வேலை செய்றீங்க?" என்று கேட்பேன். நூற்றில் தொண்ணூறு பேர் சொல்கிற பதில், "சும்மாதான் இருக்கேன் பாப்பா."

அந்தக் கையைப் பார்த்தால் தெரியும் சும்மா இருக்கிற கையா என்று. விரலிடுக்கில் சேத்துப்புண். நகம் பூராவும் கறுப்பு. ரேகை தேய்ந்துபோய்க் கைரேகை மிஷின் ஏற்காமல் நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்கிற கை. சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சி என்று பாடிய மரபு நம்முடையது. வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சாமியார்கள் ஆயுசு பூராவும் தவம் கிடந்து அடைய முடியாததை நம்ம பெரியம்மா அரை ஏக்கர் களை எடுத்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொல்கிறாள்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தச் 'சும்மா' அவள் கண்டுபிடித்ததல்ல. அரசாங்கமே பல காலமாக அதைத்தான் எழுதி வந்திருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் வேலை செய்பவர்கள் என்று எழுதப்பட்ட இந்தியப் பெண்களின் விழுக்காடு 1971இல் பாதி அளவுக்குச் சரிந்தது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? கேள்வியை மாற்றினார்கள், அவ்வளவுதான். 'உங்கள் முக்கிய வேலை எது' என்று 1971இல் கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் வந்ததும் வயலில் செய்தது கணக்கிலிருந்து உதிர்ந்தது. 1981இல் முதன்மைத் தொழிலாளர், குறுந்தொழிலாளர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். வருஷத்தில் 183 நாள் வேலை செய்தால் முதன்மை, அதற்குக் கீழே என்றால் குறு. வீராணத்துத் தண்ணியை நம்பியிருக்கிற ஊரில் ஒரு நடவு, இரண்டு களை, ஓர் அறுப்பு, அப்புறம் உளுந்து பிடுங்குதல். நாளைக் கூட்டினால் 183 வருமா? வேலை இல்லாத நாளுக்கு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் அவள் 'குறு'. பெண்கள் அமைப்புகள் சண்டை போட்ட பிறகுதான் 1991இல் 'கூலி இல்லாமல் சொந்த நிலத்தில், குடும்பத் தொழிலில் செய்யும் வேலையும் சேர்த்து' என்ற வார்த்தைகள் கேள்விக்குள் வந்தன.

வேலை செய்யாதவர்கள் பட்டியல் என்று ஒன்று உண்டு. மாணவர்கள், பிறரை அண்டி இருப்பவர்கள், பென்ஷன்காரர்கள், வாடகை வாங்கிச் சாப்பிடுபவர்கள், பிச்சை எடுப்பவர்கள். இவர்களோடு வீட்டு வேலை செய்யும் பெண்களும். ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது: 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வகையில் வைத்தது பெண்களை அவமதிப்பது என்று. சரி, நல்ல தீர்ப்பு. நீதிபதி பேசியது வீட்டு வேலையைப் பற்றி. வீட்டு வேலையும் செய்து, ஊரான் வீட்டு வேலையும் செய்து, வயல் வேலையும் செய்து, கடைசியில் 'சும்மா' என்று எழுதப்படுகிறவளைப் பற்றி இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நடவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும். இந்த ஊரில் நின்றுகொண்டு நந்தனைச் சொல்லாமல் போக முடியாது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் கதைக்குள் கொண்டு வந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரே ராத்திரியில் பூதகணங்கள் வந்து முடித்துவிடுகின்றன. நான் கணக்குப் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறவள், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி சுமார் 266 ஏக்கர். ஏக்கருக்குப் பன்னிரண்டு நடவாள் என்று குறைச்சலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூவாயிரத்துச் சொச்சம் பெண்கள் ஒரு நாள் முழுக்கக் குனிந்தால்தான் நட்டு முடியும். அந்த மூவாயிரம் பேர் கதையில் எங்கே? அவர்கள் செய்கிற வேலையைச் செய்ய பூதகணங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெண்களை எழுத மட்டும் இடமில்லை. நந்தனை நாம் மறுவாசிப்பு செய்தோம், நெருப்பைக் கேள்வி கேட்டோம், கோயில் வாசலைக் கேள்வி கேட்டோம். வயலில் நின்றவர்களை நாமும் கேட்கவில்லை.

நாத்து பறிப்பது, அண்டை வெட்டுவது, கட்டு சுமப்பது ஆம்பளை வேலை. நடுவது, களை எடுப்பது பொம்பளை வேலை. ஆம்பளை வேலைக்கு ஒரு கூலி, பொம்பளை வேலைக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஏன்யா என்று கேட்டால், "அது கஷ்டமான வேலை, இது லேசு" என்பார்கள். சேற்றில் காலை ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்துகொண்டு எட்டு மணி நேரம் இடுப்பை மடக்கி நிற்பது லேசான வேலை. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 'ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம்' என்றது சட்டம். வேலையையே ஒரே மாதிரி இல்லாமல் பிரித்து வைத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? நம்ம கவிஞர்களும் (நானும் அந்தக் கூட்டம்தான்) நடவைப் பச்சைக் கம்பளம், வளையோசை, குலவை என்று எழுதிக் குவித்திருக்கிறோம். சேத்துப்புண்ணுக்கு ஒரு நல்ல கவிதை இருந்தால் காட்டுங்கள்.

இப்போது அந்த நடவும் கையை விட்டுப் போகிறது. அறுப்பு மிஷின் வந்து அறுப்பு போய்விட்டது. அறுப்புதான் பெண்களுக்கு நெல்லாகக் கூலி கிடைத்த வேலை, வீட்டுக் குதிருக்குப் போன கூலி. மிஷின் வந்த பிறகு மிஞ்சியது களத்து ஓரத்தில் சிந்தின நெல்லைக் கூட்டுவது மட்டும். நடவு மிஷின் வந்திருக்கிறது. டெல்டாப் பக்கத்தில் சில ஊர்களில் வட மாநிலத்து ஆண்கள் கும்பலாக வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பையன்களைத் திட்டாதீர்கள், அவர்களும் எங்கேயோ ஒரு சேரியை விட்டு வந்தவர்கள்தான். ஆண்கள் நடும்போது நடவு 'காண்ட்ராக்ட்' ஆகிவிடுகிறது, பேரம் பேசுகிறார்கள், ரேட்டு இருக்கிறது. இத்தனை நாள் லேசாக இருந்த வேலை ஒரே வருஷத்தில் கஷ்டமான வேலையாகிவிட்டது பார்த்தீர்களா!

பண்ருட்டிப் பக்கம் போவோம். முந்திரி. நீங்கள் தின்கிற முந்திரிப்பருப்பு வெள்ளையாக இருக்கிறது. அதன் ஓட்டுக்குள் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்துபோகும். மரத்திலிருந்து வருகிற கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வருகிறது. அதை வேகவைத்து, உடைத்து, காயவைத்து, தோலுரித்து, முழுசு வேறு உடைசல் வேறு என்று பிரித்துக் கொடுப்பதில் பெரும்பகுதி பெண்களின் கை. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பருப்பு உடைந்தால் ரேட்டு குறைவு. கம்பெனியில் செய்தால் தொழிலாளி என்று ஒரு பேச்சாவது உண்டு. மூட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து உடைக்கிறவள் பாடு? கைக்குச் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து உடைக்கிறாள். எட்டு மணிநேரக் கணக்கு கிடையாது, பி.எஃப். கிடையாது. கை வெந்தால் அவள் கை. கரண்டு பில் அவள் வீட்டு பில். அவளிடம் தொழில் என்ன என்று கேட்டேன். "வூட்லதான் இருக்கேன்." பொய் சொல்லவில்லையே, வூட்லதான் இருக்கிறாள்.

குறிஞ்சிப்பாடிக் கைத்தறியிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தறியில் உட்காருகிறவர் நெசவாளி. விடியலிலிருந்து ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிறவள் 'கூட மாட ஒத்தாசை'. தார் இல்லாமல் நாடா ஓடாது.

ஒரு தொழிலுக்குப் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது சாதாரண நாளில் தெரியாது. அழிவு வந்து, நஷ்டஈட்டுக்கு வரிசையில் நிற்கும்போது தெரியும். நம்ம மாவட்டத்துக்கு அழிவுக்கா பஞ்சம்? 2004 டிசம்பர் 26 சுனாமி. படகு போனவருக்கு, வலை போனவருக்கு, மோட்டார் போனவருக்கு என்று கணக்கெடுத்தார்கள், எடுக்க வேண்டியதுதான். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்தில் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணியில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள். படகில்லை, வலையில்லை. கைதான் வலை. அவர்கள் எதை இழந்ததாக எழுதுவது? எஸ்.டி. சான்றிதழுக்கே வருஷக்கணக்கில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு, நான் மீன்பிடித் தொழிலாளி என்று நிரூபிக்க எந்த ஆபீஸ்?

2011 டிசம்பர் 30 தானே புயல். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வைத்திருந்தவருக்கு நிலத்தை அளந்து நிவாரணம். மரம் மறுபடி வளர்ந்து காய்க்கிற வரைக்கும் கொட்டை பொறுக்கினவளுக்கு வேலை போனதே, அதை எதால் அளப்பது? 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், நெய்வேலி சுரங்க நிறுவனத்தின் வாய்க்கால் வேலைக்காக நின்ற நெற்பயிரை மண்வாரி எந்திரம் வைத்து அழித்தார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அழுதவர் நிலத்துக்காரர், அவர் அழுகை நியாயமானது. பயிருக்கு நஷ்டஈடு அவருக்கு வந்தது. அந்தப் பயிரை நட்டவளுக்கு, அடுத்து அறுப்புக்குப் போக இருந்தவளுக்கு ஒரு வரி எந்த உத்தரவிலும் நான் பார்க்கவில்லை. நிலம் இருந்தால் இழப்பு உண்டு. உழைப்பு மட்டும் இருந்தால் இழப்பே கிடையாது! 1956இல் அந்த நிறுவனம் தொடங்கியதிலிருந்து இத்தனை வருஷமாக இதே கணக்குதான்.

சரி, பெயர் கிடைத்த வேலைகளுக்கு வருவோம். அரசாங்க உத்தியோகம். தமிழ்நாட்டில் 1989லிருந்து பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு. நமக்கான இட ஒதுக்கீடும் இருக்கிறது. அதனால்தான் நான் இங்கே மைக் முன்னால் நிற்கிறேன், மறுக்க மாட்டேன். 1916இல் சுவாமி சகஜானந்தர் இந்த ஊரில் நந்தனார் பெயரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்காமல் இருந்திருந்தால் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பேனா பிடித்திருப்போம் என்று தெரியாது. ஆனால் பெயர் கிடைத்த இடத்திலும் சாதி முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு வங்கிக் கிளையில், பெயர் வேண்டாம், கூட்டிப் பெருக்குகிற அக்கா கேஷ் கவுண்டர் வரைக்கும் துடைப்பார். ஸ்டாஃப் சாப்பிடுகிற அறையில் குடிதண்ணீர்க் குடத்தை மட்டும் வேறு ஒருவர்தான் தொடுவார். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே நடக்கிறது. அதைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "மேடம், இதெல்லாம் பழக்கம். நீங்க எதுக்கு பெருசு பண்றீங்க."

சத்துணவு 1982இல் வந்தது. அடுப்படி வேலை, பெண்ணுக்கு 'இயல்பான' வேலை, அதனால் பிரச்சினை இருக்காது என்று நினைப்பீர்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்த அம்மாவை மாற்றியது. போராட்டத்துக்குப் பிறகுதான் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். உலர் கக்கூஸைக் கையால் சுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலைக்கு மட்டும் யாரும் போராடி அவளை மாற்றச் சொன்னதில்லை. நகராட்சிகளில் இப்போது நிரந்தர வேலை போய்க் காண்ட்ராக்ட். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்களே, அவர்களில் அதிகம் பேர் பெண்கள். ராத்திரியில் போலீஸ் வந்து தூக்கியது. தலைமுறையாக இந்தச் சாதியின் வேலை என்று சொன்னவர்கள், சம்பளமும் நிரந்தரமும் கேட்டதும் இது தனியார் கம்பெனி வேலை என்கிறார்கள்.

நம்ம மாவட்டத்துக்காரர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். சேரிக்கே துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. அந்த நாவல் வந்தபோது நம் ஆட்களே கோபப்பட்டார்கள், நம்மை நாமே தாழ்த்திக் காட்டலாமா என்று. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பெண்ணின் வேலைக்குக் கூலி என்று ஒன்று இல்லை. சோறு, களத்து நெல், அவரவர் மனசுக்குக் கொடுப்பது. கூலி என்று பெயர் வைத்தால் கணக்குக் கேட்கலாம். 'கொடுப்பது' என்றால் கையேந்த வேண்டும். நாம் மற்றவர்களிடம் எதைக் கேட்கிறோமோ அதைப் புதிரை வண்ணார் பெண் நம்மிடம் கேட்கிறாள். நமக்கு அது கசக்கிறது.

நூறு நாள் வேலையைச் சொல்லாமல் விட்டால் என் கவுண்டர் பெண்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2006 பிப்ரவரி 2இல் அந்தத் திட்டம் முதலில் வந்த 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் செய்தது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி. அந்தக் கூலி தன் பெயருள்ள பாஸ்புக்குக்கு வந்தது. "நூறு நாள் வேலையால வயலுக்கு ஆள் கிடைக்கல" என்று மிராசுதார்கள் அழுதார்களே, அந்த அழுகைக்கு அர்த்தம் என்ன? ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருக்க முதல் முறையாக அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. அதற்குள்ளேயும் சாதியைக் கொண்டுவந்தார்கள். 2021-22 நிதியாண்டில் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர்கள் என்று கூலியை மூன்றாகப் பிரித்து அனுப்பினார்கள். ஒரே ஏரியில் ஒரே நாள் மண் வெட்டினவர்களில் ஒரு தெருவுக்கு முன்னாடி பணம், இன்னொரு தெருவுக்குப் பின்னாடி. "எங்க பணத்த என்னா பண்ணீங்க?" என்று இரண்டு தெருவும் கவுண்டரில் சண்டை. பிறகு அதைக் கைவிட்டார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். 125 நாள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கிற பருவத்தில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. யாருக்காக எழுதினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போய் நில்லு மறுபடியும் ஆண்டை வாசலில்.

நம் இயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். 'கூலி விவசாயி', 'நிலமற்ற தொழிலாளி' என்று நம் நோட்டீஸில் வருகிறபோதெல்லாம் பக்கத்தில் போடுகிற படம் மண்வெட்டி பிடித்த ஆண். 1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு மாநாடு கூடியது, அம்பேத்கர் அதில் பேசினார். அதே மாதம் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் உறுப்பினர் ஆனார். 1943இல் சுரங்கத்தில் வேலை செய்த பெண்களின் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார். அவருக்குப் பெண் என்றால் தாய், தமக்கை மட்டுமல்ல, தொழிலாளியும்தான். நம் மேடையில் 'தாய்மார்கள்' முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினால் போதும் என்று இருக்கிறோம். இன்று இங்கேயே எத்தனை பேர் பெண்கள் என்று திரும்பிப் பாருங்கள். நடவு நாளில் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்?

கடைசியாக, எதற்காக இதையெல்லாம் இப்போது பேசுகிறேன் என்பது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று 2025 ஜூன் 16இல் அரசிதழில் அறிவித்தார்கள். 1931க்குப் பிறகு எல்லாச் சாதியையும் கேட்கப் போகிறார்கள் என்று பெரிய பேச்சாக இருக்கிறது. நம்மை எண்ணுவது புதுசில்லை, எஸ்.சி., எஸ்.டி. கணக்கு ஒவ்வொரு முறையும் உண்டு. 2011இல் இந்த மாவட்டத்தில் நாம் 29 விழுக்காட்டுக்கு மேல். நம் தோழர்கள் சாதிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இப்போதே விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். தொழில் கட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. 2011 முதல் அட்டவணையில் தொழில் நாலே வகை: சாகுபடி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற. சாக்கடை அள்ளுகிறவளும் கலெக்டரும் 'பிற'. அதில்கூட நம் பெண்கள் பாதிப் பேர் வராமல் போனால் நாளைக்கு எந்தத் திட்டத்தில், எந்த நிவாரணத்தில், எந்த வாரியத்தில் போய்க் கேட்பது?

கணக்கெடுக்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியர். வெயிலில் நடந்து களைத்து வருவார். வாசலில் நிற்கிற ஆம்பளையிடம் கேட்பார். "வீட்டம்மா என்ன பண்றாங்க?" "வூட்லதான்." எழுதி முடிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் நாம் நிற்க வேண்டும். பதிலைப் பெண்ணே சொல்லணும். கேள்வி கடந்த ஒரு வருஷத்தைப் பற்றியது, நேற்றைப் பற்றியது இல்லை என்று சொல்லுங்கள். நடவு எத்தனை நாள், களை எத்தனை நாள், கொட்டை உடைத்தது எத்தனை நாள், ஏரி வேலை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்று. சொந்த வீட்டுத் தேவைக்குப் பால் கறக்க மாடு வளர்த்தால்கூட அவள் தொழிலாளிதான் என்று போன கணக்கெடுப்புகளின் விளக்கத்திலேயே இருந்தது. நம்ம காலனியில் எத்தனை வீட்டில் ஒரு மாடு நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு மாணவர்கள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். ஒரு காலனிக்கு இரண்டு பேர் போதும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருப்பார்கள், அதனால் உள்ளூர்த் தோழர் ஒருவர் கூடப் போகணும். நடவு, களை, கொட்டை என்று மாசம் வாரியாக எழுதிக்கொள்ள ஒரு பக்கத் தாள் தயார் செய்து கொண்டு வந்திருக்கிறேன், ஜெராக்ஸ் செலவு மட்டும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். புவனகிரி, கிள்ளை பக்கம் வரத் தயாராக இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல்கிட்ட என்னைப் பாருங்கள். எனக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைதான் லீவு, அதை மனதில் வைத்துத் தேதி சொல்லுங்கள்.